மார்கழிக் காலையில் தத்தும் டயர்

மார்கழி பிறந்ததும் சென்னையின் வீல் அலைன்மென்ட் கடைகளுக்கு ஒரு குறிப்பிட்ட புகார் வரத் தொடங்கும். விடியற்காலையில் வண்டியை எடுத்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, அடுக்ககத் தூண்களுக்கு நடுவிலிருந்து மெல்ல வெளியே கொண்டுவரும்போது முன் சக்கரம் தடக் தடக்கென்று தத்துகிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தால் குறைந்துவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு அறவே காணோம். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகள், அடையாறு காந்தி நகர், இந்திரா நகர் பக்கத்துப் பழைய அடுக்ககங்கள், தி. நகரின் குறுக்குத் தெருக்கள் என்று நெருக்கமாக வண்டி நிறுத்தும் இடங்களிலிருந்துதான் இந்தப் புகார் அதிகம் வருகிறது. வண்டிக்காரர்கள் இதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: குளிரில் காற்று இறங்கிவிட்டது, அல்லது அலைன்மென்ட் போய்விட்டது. டயர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது வேறு. பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தத்தலுக்குக் காரணம், சென்னை வெயிலில் முதுமையடைந்து இறுகிப்போன ரப்பர். மார்கழியின் சிறு குளிர் அந்த இறுக்கத்தை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அதை ஒரு பருவகாலத் தொந்தரவாக நினைத்து விட்டுவிடக் கூடாது. டயரின் வயதைப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், ஒடித்துத் திருப்பும்போது சக்கரத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகிறது. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதாவது ஒன்று பக்கவாட்டில் இழுபட்டே தீரும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதைக் கவனித்த மியூனிக் வண்டித் தச்சர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர், உள்சக்கரம் கூடுதலாகத் திரும்பும்படி ஓர் இணைப்பை உருவாக்கினார். அவர் சார்பாக ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயர்தான் வழங்குகிறது. நம் தெருக்களில் ஓடும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர், திரும்பும் ஆரம் 4.8 மீட்டர் என்றால், முழுக்க ஒடிக்கும்போது வெளிச்சக்கரம் சுமார் 31 டிகிரியும் உள்சக்கரம் சுமார் 43 டிகிரியும் திரும்ப வேண்டும் என்று கணக்கு வருகிறது. பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி நிலையாக ஓட வேண்டும், என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடம் வேண்டும் என்பதற்காக, தயாரிப்பாளர்கள் இந்த வித்தியாசத்தைப் பல மாடல்களில் முழுமையாகத் தருவதில்லை. குறைகிற அந்தச் சில டிகிரியை யார் ஈடுகட்டுவது? தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர்தான். அது பக்கவாட்டில் முறுக்கிக்கொள்கிறது, தாங்க முடியாத கட்டத்தில் வழுக்கி விடுபடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ரப்பர் மெத்தென்று இருந்தால் இது ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடந்து முடிகிறது. இறுகியிருந்தால் ஒவ்வொரு விடுபடலும் ஒரு தத்தலாக ஸ்டியரிங் வரை வந்து சேர்கிறது.

குளிர் இங்கேதான் நுழைகிறது. டயரின் மேற்பரப்பில் இருப்பது இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கரித்தூளும் சிலிக்காவும் எண்ணெயும் சேர்ந்த கலவை. மிகக் குறைந்த வெப்பநிலையில் எந்த ரப்பரும் கண்ணாடிபோல் விறைத்துவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த நிலை பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி செல்சியஸ் அளவில் வருகிறது. அந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே, டிகிரி டிகிரியாக இறங்க இறங்க, ரப்பரின் வளையும் தன்மை குறைந்துகொண்டே வரும். கோடைக்கால டயர்களை 7 டிகிரிக்குக் கீழே நம்ப வேண்டாம் என்று ஐரோப்பாவில் டயர்காரர்கள் சொல்வது இதனால்தான். பிரிட்டனில் சில ஆண்டுகளுக்கு முன் விலையுயர்ந்த நான்கு சக்கர இயக்க வண்டிகள் சிலவற்றின் உரிமையாளர்கள், குளிர்காலத்தில் பார்க்கிங்கில் ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரம் நண்டுபோல் பக்கவாட்டில் தத்துகிறது என்று பெருமளவில் புகார் செய்தார்கள். அகலமான கோடை டயர், முழுமையில்லாத ஆக்கர்மன் கோணம், குளிர் மூன்றும் ஒன்றுசேர்ந்ததன் விளைவு அது. குளிரிலும் மெத்தென்று இருக்கும் கலவை கொண்ட டயரை மாற்றியதும் பலருக்குத் தத்தல் நின்றது. கோணம் மாறவில்லை, எடை மாறவில்லை, ரப்பர் மட்டுமே மாறியது. தத்தலுக்கு இடம் கொடுப்பது வண்டியின் வடிவமைப்பு என்றாலும், அது வெளிப்படுமா அடங்குமா என்பதைத் தீர்மானிப்பது ரப்பரின் இறுக்கம்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

காற்றுதான் காரணம் என்பவர்களுக்கு ஊட்டியை வைத்தே பதில் சொல்லலாம். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பகுதிகளில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். சென்னையிலிருந்து போன வண்டி விடுதி வாசலில் இரவு முழுக்க நின்று, காலையில் நெருக்கமான இடத்தில் ஒடித்துத் திரும்பும்போது தத்தினால், காற்று இறங்கிவிட்டதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயர், கடல் மட்டத்திலேயே 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் கேஜில் 29 காட்டும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையைவிட சுமார் 3.5 பி.எஸ்.ஐ. குறைவு. கேஜ் காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். ஆகவே குளிர் எடுத்துக்கொண்டதை உயரம் ஏறக்குறைய திருப்பித் தந்துவிடுகிறது. கேஜ் 32, 32.5 என்று நிற்கும். காற்று அப்படியே இருக்க, டயர் தத்துகிறது. அப்படியானால் மாறியது ரப்பர்தான். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்த அதே டயர், ஓடி ஓடிச் சூடாக இருந்தபோது ஒரு சத்தமும் எழுப்பவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஊட்டிக்குச் சரி, சென்னைக்குக் குளிர் எங்கே வந்தது? நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895-இல். மார்கழியிலும் தையிலும் விடியற்காலை பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு அளவில்தான் நிற்கும். ஐரோப்பியர் கவலைப்படும் 7 டிகிரியை இந்த நகரம் கண்டதே இல்லை. புதிய டயராக இருந்தால் 22 டிகிரியில் அது தத்த எந்தக் காரணமும் இல்லை. என் வாதமே இந்த மறுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 22 டிகிரி என்பது நல்ல டயருக்குக் குளிரே அல்ல. அந்த வெப்பநிலையில் ஒரு டயர் குளிரில் விறைத்ததுபோல் நடந்துகொள்கிறது என்றால், அதன் ரப்பர் ஏற்கெனவே பாதி தூரம் விறைத்துவிட்டது என்று பொருள். அந்த விறைப்பைக் கொண்டுவந்தது வெயில்.

ரப்பர் பாலை டயராக்குவது கந்தகமும் சூடும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட அந்த வேதிவினை, மூலக்கூறு இழைகளுக்கு நடுவே முடிச்சுகள் போட்டு ரப்பருக்கு உறுதி தருகிறது. தொழிற்சாலை அச்சிலிருந்து டயர் வெளியே வந்த பிறகும் முடிச்சு விழுவது நின்றுவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெயிலின் சூடும் சேர்ந்து, மெதுவாக, ஆண்டுக்கணக்கில் அதைத் தொடர்கின்றன. மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்களும் சிறுகச் சிறுக வெளியேறுகின்றன. ஜன்னலோரம் மறந்துபோன ரப்பர் பேண்ட் இழுத்தால் ஒடிகிறதே, அதே வினைதான். பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்கள் கைக்கணக்காகச் சொல்வது. 2003 மே 31 அன்று 45 டிகிரியைத் தொட்ட நகரம் இது. அக்கினி நட்சத்திர மதியத்தில் தெருவோரம் நிற்கும் வண்டியின் கறுப்பு டயர், காற்றின் வெப்பநிலையைவிட இன்னும் அதிகமாகச் சூடேறும். குளிர்நாட்டு டயருக்கு ஓராண்டில் வரும் முதுமை, இங்கே அதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது அதிகம் ஓடும் வண்டி அல்ல, ஓடாமல் நிற்கும் வண்டி. ரப்பர் கலவையில் ஓசோனிலிருந்து காக்கும் மெழுகும் மருந்தும் சேர்த்திருக்கிறார்கள். டயர் உருண்டு வளையும்போது அவை மேலே கசிந்து ஒரு மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகின்றன. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு குறைவு. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பெரியவர்கள் வைத்திருக்கும் வண்டிகளைப் பாருங்கள். கோயிலுக்கு, டாக்டரிடம், டிசம்பர் சீசனில் சபாக் கச்சேரிக்கு என்று மட்டும் எடுப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்தால் விமான நிலையம் வரை போகும். வண்டி துடைத்துப் பளபளவென்று இருக்கும். டயரின் ட்ரெட் ஆழமும் புதிது போலவே தெரியும். ஆனால் டயரின் பக்கச் சுவரான சைடு வாலை நன்றாக வெளிச்சத்தில் பார்த்தால், எழுத்துகளைச் சுற்றியும் ரிம்மை ஒட்டியும் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியிருக்கும். ட்ரெட்டின் கட்டையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் புதிய டயரில் நகம் கொஞ்சம் பதிந்து தடம் மறையும். இந்த டயரில் நகம் வழுக்கும். மார்கழிக் காலையில் தத்துவது பெரும்பாலும் இத்தகைய டயர்தான்.

டயர் ஓடியதே பதினைந்தாயிரம் கிலோமீட்டர், ட்ரெட் நிறைய இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களிடம் கோபப்பட ஒன்றுமில்லை. மொட்டை டயரைப் பற்றி மட்டுமே இந்த நாட்டில் மக்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படி ஓட்டக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் தேய்மானம் ஓட்டத்தின் அளவு. இறுக்கம் காலத்தின் அளவு. ஒன்று நன்றாக இருப்பது மற்றொன்றுக்கு உத்தரவாதம் ஆகாது. டயர் எப்போது செய்யப்பட்டது என்பதை அறிய யாரையும் கேட்கத் தேவையில்லை. சைடு வாலில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், சில வண்டிகளில் உள்பக்கம் குனிந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவும், ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டில் கழற்றவும் பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அது உலகம் முழுமைக்குமான பொது எல்லை. திறந்தவெளியில் நிற்கும் சென்னை வண்டிக்குப் பத்து ஆண்டு மிக அதிகம். ஆறாவது ஆண்டிலேயே சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் முடிவு.

அலைன்மென்ட் போய்விட்டது என்ற இரண்டாவது காரணத்தையும் சோதிக்காமல் தள்ளக் கூடாது. நேராக ஓடும்போது சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோ கெட்டிருந்தால் அதற்குத் தனி அடையாளம் உண்டு. ட்ரெட்டின் மேல் உள்ளங்கையை உள்பக்கமிருந்து வெளிப்பக்கம் தடவி, பிறகு வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறு திசையில் அரம்போல் உறுத்தியும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. அப்போது அலைன்மென்ட் போடுவது சரி. அந்த அடையாளம் இல்லாமல், நேராக ஓடும்போது எந்தப் பக்கமும் இழுக்காமல், முழுக்க ஒடிக்கும்போது மட்டும் தத்துகிற வண்டிக்கு அலைன்மென்ட் மருந்தாகாது. டோவை அமைப்பது சக்கரம் நேராக இருக்கும் நிலைக்கு. முழுக்க ஒடித்தபின் வரும் கோணத்தைத் தீர்மானிப்பது ஸ்டியரிங் இணைப்பின் வடிவமைப்பு. என்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் ஒடிக்கும்போது டிக் டிக்கென்று சத்தம் வரும் என்பதால் சிலர் அதையும் சந்தேகிப்பார்கள். பிரித்தறிய எளிய வழி உண்டு. தரையில் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் அதே இடத்தில், அதே அளவு ஒடித்து ஓட்டிப் பாருங்கள். ஈரத்தில் ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கிப் போவதால் டயரின் தத்தல் அடங்கிவிடும். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு ஜாயின்டிலோ சஸ்பென்ஷனிலோ இருக்கிறது. பாண்டி பஜாரின் பலமாடிப் பார்க்கிங்கிலும் கடைகளின் அடித்தளங்களிலும் வழுவழுப்பான தரையில் எழும் கீச்சென்ற ஒலி இந்தக் கணக்கில் சேராது. அது ட்ரெட் கட்டைகள் நுண்ணிய அளவில் வழுக்கி அதிர்வதால் வருவது, புது டயரிலும் வரும், பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் பயப்பட வேண்டிய ஒன்று, டயரின் அகலத்தை இஷ்டத்துக்குக் கூட்டுவது. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பெரிய அலாய் வீலும் அதற்கேற்ற தட்டையான, அகலமான டயரும் மாட்டிக்கொள்ளும் ஆசை இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பின் இரு ஓரங்களுக்கும் இடையே தூரம் கூடுகிறது; ஒடிக்கும்போது அந்த ஓரங்கள் இழுபடும் அளவும் கூடுகிறது. சைடு வாலின் உயரம் குறைவதால் முறுக்கத்தை வாங்கிக்கொள்ள வளைவுக்கு இடமில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அளவில் ஏழாவது ஆண்டில் தொடங்கக்கூடிய தத்தல், இப்படிப்பட்ட வண்டியில் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடும்.

காற்றுக்கும் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையில் அதன் பங்கு வேறு வழியில் வருகிறது. பெட்ரோல் பங்கில் நாம் காற்று அடிப்பது பெரும்பாலும் ஓட்டி வந்த சூட்டோடு. டயருக்குள் 45 டிகிரி இருக்கும்போது 33 அடித்தால், மறுநாள் 22 டிகிரி விடியற்காலையில் அது 30-க்குக் கீழே வந்துவிடும். இங்கே ஊட்டியைப்போல் உயரம் வந்து ஈடுகட்டாது. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவு, வண்டி சில மணி நேரம் நின்று ஆறிய நிலைக்கானது. காற்று குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு பெரிதாகி, ஒடிப்பதும் கனமாகி, ஓரங்கள் கூடுதலாகத் தேயும். ஆகவே காலையில், வீட்டுக்கு மிக அருகிலுள்ள பங்கில் அடிப்பதுதான் முறை. நைட்ரஜன் அடித்தால் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது என்று நம்பிக் காசு கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே.

டயரைக் கெடுப்பதில் நம் கைக்கும் பங்கு உண்டு. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிப்பது சென்னை ஓட்டுநர்களின் தீராப் பழக்கம். பின்னால் நின்று வழிகாட்டும் வாட்ச்மேனும் 'ஃபுல்லா ஒடி, வா வா' என்றுதான் கூவுகிறார். அடுக்ககத்தின் சிமென்ட் தரையில் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னே விசிறி வடிவில் கறுப்புத் தடம் படிந்திருப்பதைக் காணலாம். அது அழுக்கு அல்ல, அரைபட்டுப்போன ரப்பர். நாளுக்கு நாலு முறை நடக்கும் இந்த அரைப்பு, நெடுஞ்சாலையில் ஓடும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு முன் எம்மாத்திரம் என்று கேட்கலாம். ஆனால் நேராக உருளும் சக்கரத்தில் ரப்பர் தரையைத் தொட்டு எழுகிறது. உராய்வு மிகச் சொற்பம். நின்ற நிலையில் திருப்பும்போது வண்டியின் எடையில் அந்தச் சக்கரத்தின் பங்கு மேலே அழுத்த, உள்ளங்கை அளவுப் பரப்பு ஒரே இடத்தில் அரைபடுகிறது. நெடுந்தூரமே ஓடாத நகர வண்டிகளில் முன் டயரின் இரு தோள்களும் மழுங்கிக் கிடப்பதற்கு, காற்றுக் குறைவோடு, இதுவும் ஒரு காரணம். பவர் ஸ்டியரிங் வந்த பிறகு கை வலிக்காததால் நமக்கு இது தெரிவதில்லை. வலியை மோட்டாரும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. இடமே இல்லாத சந்தில் வேறு என்ன செய்வது என்றால், ஒரு சாண் தூரம் உருண்டால்கூடப் போதும். பிரேக்கை மெல்லத் தளர்த்தி, சக்கரம் அசையத் தொடங்கியதும் திருப்ப வேண்டும். கடைசி எல்லை வரை ஒடித்து இறுக்கிப் பிடிக்காமல் ஒரு விரல் அளவு திருப்பி விட வேண்டும். மயிலாப்பூரின் எவ்வளவு குறுகிய சந்தானாலும் இதற்கு இடம் உண்டு.

இவ்வளவும் ஒரு சத்தத்துக்காகவா என்று கேட்டால், இல்லை. மெதுவாகத் திரும்பும்போது தத்துகிற டயர் அந்த இடத்தில் யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் அதே இறுகிய ரப்பர்தான், ஐப்பசி, கார்த்திகை மழையில் அண்ணா சாலையிலோ சர்தார் படேல் சாலையிலோ குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது பிரேக்கின் கட்டளையைத் தரையிடம் கொண்டுசேர்க்க வேண்டும். ஈரச் சாலையில் பிடிப்பு என்பது, சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் ரப்பர் தன்னை அழுத்திப் படிந்துகொள்வதால் வருவது. விறைத்த ரப்பர் படியாது, மேலே சறுக்கும். ட்ரெட் ஆழம் தண்ணீரை வெளியேற்றும். பிடித்து நிறுத்துவது ரப்பரின் மென்மைதான். நல்ல ட்ரெட் இருந்தும் நிற்காமல் போகும் வண்டிகளின் ரகசியம் இது. நான்கு டயருக்கு ஆகும் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிதல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன். இரண்டிரண்டாக ஆண்டு பிரித்து மாற்றலாம். அப்போது புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள், ஏனென்றால் ஈரத்தில் பின் சக்கரம் சறுக்கினால் வண்டியை மீட்பது கடினம். இப்போது வண்டிக்காரரும் கடைக்காரரும் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. தத்துகிறது என்று ஒருவர் வந்து நின்றால், அலைன்மென்ட் மேடையில் ஏற்றிப் பில் போடுவதற்கு முன், அந்த நான்கு இலக்கத்தை அவருக்குக் காட்டிப் படித்துச் சொல்ல வேண்டும். புது டயர் விற்கும்போதும் அதே இலக்கத்தைக் காட்டியே விற்க வேண்டும். வாங்குபவரும் கேட்டே வாங்க வேண்டும். திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை வரை டயர் தொழிற்சாலைகள் சூழ்ந்த நகரத்தில், டயரின் வயதைப் பார்க்கத் தெரியாமல் ஒருவர் வண்டி ஓட்டுவது நம் தொழிலுக்குப் பெருமை சேர்க்காது.